எண்பதில் பிடுங்குகிற அக்கா

அக்காவின் மூக்கு நேராக இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் இப்போது அந்த யார்டில் யாரும் இல்லை. முதலில் அதை உடைத்தது அவளுடைய அப்பா. அடுத்து புருஷன். அந்த ஆள் மூக்கை உடைத்த மறுநிமிஷம் அக்கா அவன் கையை உடைத்தாள். தொங்கிய கையோடு வீட்டைவிட்டு இறங்கிப் போனவன், வைத்தியம் இன்னும் முடியவில்லையோ என்னவோ, திரும்பி வரவே இல்லை. மூன்றாவதாக உடைத்தது சார்ஜிங் கன். ஆறாம் நம்பர் கன்னை ஒரு வேன்காரன் கயிற்றில் கட்டிய கல்லைப் போலச் சுழற்றி வீசினான். அதற்குப் பிறகு மூக்கு இனி இப்படித்தான் என்று முடிவு செய்து ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

மேம்பாலத்துக்கு அடியில் இருந்தது அந்த யார்டு. பெட்ரோல் பங்கில் குழாய் எப்படியோ, மின்சார வண்டிக்கு கன் அப்படி. ஆறு கன், ஒவ்வொன்றுக்கும் கை தடிமனுக்கு ஒரு கேபிள். நுழைவாயிலில் தகரக் கூரை போட்ட ஆபீஸ். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு முதலுதவிப் பெட்டி. நாற்காலியைவிடப் பெட்டிக்குத்தான் உபயோகம் அதிகம்.

சரக்கு வேன்களும் டாக்சிகளும் காலையிலிருந்து வரிசை கட்டும். எல்லாருக்கும் நூறு வேண்டும். தொண்ணூற்றெட்டில் கன்னைக் கழற்றுகிறவன் வீட்டில் மனைவிக்குப் பயப்படுகிறவன் என்று ஒரு பேச்சு. பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான். முன்னால் நிற்பவன் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவான். ஹாரன் அடித்தவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டுவான். தட்டியதில் அது உடைந்துவிடும். அப்புறம் காது, சட்டை, பல் என்று ஒவ்வொன்றாகப் போகும். ஒருமுறை ஒருவருடைய பல்லை இன்னொருவருடைய முழங்கையிலிருந்து டாக்டர் எடுத்தார். பல்லுக்குச் சொந்தக்காரர் அதைத் திருப்பிக் கேட்டார் என்றும் சொல்கிறார்கள்.

இந்தச் சண்டைகளை விலக்கிவிடுவதற்குத்தான் அக்காவை வேலைக்கு வைத்தார்கள். விலக்கிவிடுவது என்றால் அவள் அகராதியில் இரண்டு பேரையும் அடிப்பது. அவள் விட்ட ஓர் அறையின் சத்தத்தைக் கேட்டு, சிக்னலில் நின்றவர்கள் பச்சை விழுந்துவிட்டதாக நினைத்து வண்டியைக் கிளப்பினார்கள் என்று டாக்சி ஓட்டும் கரடியண்ணன் சொல்வார். கரடியண்ணனுக்கு உள்ளங்கை தவிர எல்லா இடத்திலும் முடி. அவளைவிட மூத்தவர். இருந்தாலும் அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கன் அவள் கையில் அல்லவா இருந்தது.

இப்படி ரத்தமும் டீயுமாகப் போய்க்கொண்டிருந்த யார்டுக்கு ஒரு நாள் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் பெண் வந்தாள். கையில் லேப்டாப், தலையில் மஞ்சள் தொப்பி. ஆபீஸ் கூரையில் காளான் போல ஓர் ஆண்டெனாவை நட்டாள். உள்ளே ஒரு பெட்டியை மாட்டினாள். பிறகு ஓட்டுநர்களை நிற்கவைத்துப் பேச ஆரம்பித்தாள்.

"பேட்டரிங்கறது பஸ் மாதிரி அண்ணே. காலி பஸ் வந்து நின்னா எல்லாரும் குபுகுபுன்னு ஏறிடுவாங்க. நிறைய நிறைய என்ன ஆகும்? ஒருத்தர் கால்ல ஒருத்தர் மிதிச்சு, நெளிஞ்சு, ஒவ்வொருத்தரா உள்ள போகணும். கரண்டும் அப்படித்தான். எண்பது வரைக்கும் சரசரன்னு ஏறும். மிச்ச இருபதுக்கு, அந்த எண்பதுக்கு ஆன நேரம் ஆகும்."

"அதனால?" என்றான் ஒரு வேன்காரன்.

"எண்பதுல கழட்டி அடுத்த வண்டிக்கு மாட்டினா, இதே ஆறு கன்னுல, இதே கரண்டுல, ரெண்டு மடங்கு வண்டி போகலாம். எந்த வண்டிக்கு எவ்வளவு, எப்ப நிறுத்தணும்னு எல்லாத்தையும் மேல கிளவுடுல இருக்கிற கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"மேலயா? மழை பெஞ்சா கரண்டு நனைஞ்சிடாது மேடம்?" என்றார் கரடியண்ணன்.

யார்டே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் கடைசியாகச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆண்டெனாவுக்கு சிக்னல் அறுந்தால், மேலிருந்து உத்தரவு வராது, அப்போது பெட்டி பயந்துபோய் ஆறு கன்னிலும் கரண்டைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துவிடும், இல்லாவிட்டால் மொத்த லைனும் கருகிவிடும் என்றாள். அக்கா மட்டும் கேட்டாள். அவள் தம்பி அன்றைக்கு யார்டுப் பக்கமே வரவில்லை.

"அது சரி, எண்பதுல யாரு கழட்டுறது?" என்றான் வேன்காரன்.

எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகினாள்.

கரண்டு ஓடும்போது கன் வண்டியோடு பூட்டிக்கொள்ளும். யானை கட்டி இழுத்தாலும் வராது. எண்பது ஆனதும் கிளவுடு கரண்டை நிறுத்தும், 'டக்' என்று பூட்டு விடும். அந்த டக் சத்தம் கேட்டதும் அக்கா பிடுங்குவாள். முதல் வாரம் ஒவ்வொரு டக்குக்கும் ஒரு சண்டை. ஒருத்தன் கன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். ஒருத்தன் எண்பது தெரியக்கூடாது என்று திரையில் ஸ்டிக்கர் ஒட்டினான். இன்னொருத்தன், தன் வண்டி வயதில் மூத்தது, அதற்குத் தொண்ணூறாவது தர வேண்டும் என்று வாதாடினான். கன்னைச் சுழற்றி மூக்கை உடைத்தவனின் கதை இந்த வாரத்தில் நடந்ததுதான். அக்கா ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை. அவன் தலையைப் பிடித்து அவன் வண்டியின் கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தினாள். கதவு மூடவில்லை. இன்னொரு தரம் சாத்தினாள். அவன் அப்படியே சரிந்து உட்கார்ந்தபோது, கன்னை அடுத்த வண்டிக்கு மாட்டிவிட்டுத்தான் முதலுதவிப் பெட்டியை எடுக்கப் போனாள். பஞ்சை முதலில் அவன் காதில் வைத்தாள். மிச்சம் இருந்ததைத் தன் மூக்கில் வைத்தாள்.

ஆனால் வரிசை குறைந்தது. சிக்னல் வரைக்கும் நீண்டிருந்த வால் டீக்கடையோடு நின்றது. அப்புறம் யார்டுக்குள்ளேயே அடங்கியது.

"அடி வாங்கினாலும் ஓட்டம் கூடுதுக்கா," என்று கரடியண்ணன் ஒத்துக்கொண்டார். "என்ன ஒண்ணு, எண்பதுல கழட்டும்போது பாதிச் சாப்பாட்டுல எழுப்பிவிட்ட மாதிரி இருக்கு."

"உன் வயித்தப் பாத்தா அப்படித் தெரியலையே," என்றாள் அக்கா.

அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்குப் பால் பல்கூட விழவில்லை. பிள்ளை வளர்ப்பில் அவளுக்குத் தெரிந்தது சோறும் அடியும்தான். இரண்டையும் குறைவில்லாமல் போட்டாள். அவன் தூங்கிய பிறகு, அடித்த இடம் வீங்கியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். இந்த விஷயம் அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவனோ ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, நன்றாகத் தூங்குகிறவன் போல நடித்தான்.

இப்போது அவன் சரக்கு வேன் ஓட்டினான். அரும்பு மீசையும் அவசர புத்தியும். துறைமுகத்துக்கு ஒரு நீள ஓட்டம் அவனுக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. தினமும் போய் வரலாம். ஆனால் முதல் ஓட்டத்தை நேரத்துக்கு முடித்துக் காட்ட வேண்டும். எண்பதில் போனால் வண்டி துறைமுகத்துக்குக் கொஞ்சம் இப்பால் படுத்துவிடும். வழியில் கன் கிடையாது.

"ஒரே ஒரு தடவைக்கா. எனக்கு மட்டும் நூறு விடு."

"முடியாது."

"நான் உன் தம்பிக்கா!"

"அதனாலதான் முடியாது. உனக்கு விட்டா கரடிக்கு விடணும். கரடிக்கு விட்டா ஊருக்கே விடணும். அப்புறம் நான் எவன் தலையைக் கதவுல வைக்கிறது?"

"மத்தவன் அக்காவெல்லாம் தம்பிக்காக என்னென்னமோ செய்றாங்க."

"மத்தவன் அக்காகிட்ட கன் இல்ல. போடா, போய் பல்லத் தேய்."

அவன் பல் தேய்க்கவில்லை. வண்டி கழுவும் எவர்சில்வர் வாளியை எடுத்து வேனில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்று காலையில் கரடியண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரு தகராறு. எழுபத்தொன்பதில் பிடுங்கிவிட்டாள் என்று அவர் சொன்னார். எண்பது என்று அவள் சொன்னாள். அவர் தன் வண்டியின் மீட்டரைக் காட்டினார். அவள் முஷ்டியைக் காட்டினாள். போகிற போக்கில் அவர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் அந்த ஆண்டெனாவைப் பிடுங்கி வீசுறேனா இல்லையா பாருங்க!" என்று கத்திவிட்டுப் போனார். அவருடைய வாய் எப்போதும் கையைவிட நீளம்.

உச்சிவெயிலில் ஆறு கன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்துக் கன்னில் தம்பியின் வேன். அக்கா டீ வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது, திரைகளில் எண்கள் நகராமல் நின்றிருந்தன. நின்றன என்று சொல்ல முடியாது. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தை வளர்த்துவிடலாம். கன்னைக் கழற்றவும் முடியவில்லை. கரண்டு சொட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் பூட்டு விடாது.

உள்ளே இருந்தவன் வெளியே போக முடியவில்லை. வெளியே இருந்தவன் உள்ளே வர முடியவில்லை. வரிசை டீக்கடையைத் தாண்டியது, சிக்னலைத் தாண்டியது. ஹாரன் சத்தத்தில் மேம்பாலமே அதிர்ந்தது. யாரோ யாரையோ இடித்தான். இடித்தவனின் விளக்கை இடிபட்டவன் செருப்புக்காலால் உதைத்து நொறுக்கினான். முதல் குத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியவில்லை. இரண்டாவது குத்திலிருந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. டிக்கிகள் திறந்தன. ஸ்பேனரும் ஜாக்கிக் கம்பியும் வெளியே வந்தன. ஒரு வேனின் முன்கண்ணாடி, வலை போலச் சிதறி, அப்படியே உள்ளே விழுந்தது.

அக்காவின் போன் அடித்தது. இன்ஜினியர் பெண்.

"அக்கா, உங்க யார்டு எங்க ஸ்க்ரீன்லயே இல்ல. கூரையில ஆண்டெனாவை எதுவும் மறைக்குதா பாருங்க. உடனே பாருங்க!"

அக்கா ஒரு டிரம்மில் ஏறிக் கூரையை எட்டிப் பார்த்தாள். தகரத்தின் மேல், காளானுக்குக் குல்லா போட்ட மாதிரி, ஒரு எவர்சில்வர் வாளி கவிழ்ந்திருந்தது. அதன் வயிற்றில் ஒரு பெரிய நசுங்கல். போன மாதம் தம்பியைக் குறி பார்த்து அவள் வீசியபோது, அவன் குனிந்துவிட, சுவரில் பட்டு ஆன நசுங்கல்.

கிளவுடின் கண்ணை மூடிவிட்டால் எண்பதில் நிறுத்த ஆளிருக்காது, பூட்டும் விடாது, அக்காவாலும் பிடுங்க முடியாது, ஜம்மென்று நூறு ஏறும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கில் பாதி சரி. மீதிப் பாதியை இன்ஜினியர் பெண் சொன்னபோது தம்பி யார்டில் இல்லை.

அவள் கை நீட்டுவதற்குள், வேன் மேல் ஏறி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒருவன் பார்த்துவிட்டான்.

"டேய்! ஆண்டெனா மேல எவனோ வாளியக் கவுத்திருக்கான்டா!"

"எவன்டா அது?"

"வேற எவன்? காலையில கரடி சொல்லிட்டுத்தானே போனான்!"

ஆளாளுக்கு அடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு இப்போது ஒரே ஓர் ஆள் கிடைத்தார். மறுபடி சார்ஜுக்கு வந்து வரிசையில் நின்றிருந்த கரடியண்ணனை அவருடைய டாக்சியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். "நான் இல்லடா, நான் இல்லடா," என்றார். வாயிலேயே ஓர் உதை விழுந்தது. விழுந்தவரைச் சுற்றி வட்டம் போட்டு மிதித்தார்கள். விலாவில் மிதி பட்டபோது, ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி சத்தம் வந்தது. அவர் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அந்த முடி அடர்ந்த கைகள் சிவப்பாயின.

அக்கா டிரம்மிலிருந்து ஓரத்துக் கன்னைப் பார்த்தாள். தம்பி வேனில்தான் இருந்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கரடியண்ணனின் தலைக்கு நேராக ஒருத்தன் வீல் ஸ்பேனரை ஓங்கினான். அந்த நேரத்தில் தம்பி வேனின் கண்ணாடியை மெதுவாக மேலே ஏற்றினான்.

அவன் பெயரைச் சொன்னால் அவனைக் கொன்றுவிடுவார்கள். சொல்லாவிட்டால் கரடியைக் கொன்றுவிடுவார்கள். அக்காவுக்கு யோசிக்கிற பழக்கம் இல்லை. அதற்கு நேரமும் இல்லை.

வாளியைப் பிடுங்கி, ஓங்கிய ஸ்பேனரைக் குறி பார்த்து வீசினாள். இந்தத் தடவை யாரும் குனியவில்லை. ஸ்பேனர்காரனின் தாடையில் வாளி பட்டு, மணி அடித்த மாதிரி யார்டு முழுக்கக் கேட்டது.

"அந்த ஆளை விடுங்கடா! அது என் வீட்டு வாளி! வச்சது இவன்!"

சொல்லிக்கொண்டே ஓடினாள். முஷ்டியால் வேன் கண்ணாடியை உடைத்தாள். தம்பியை சட்டைக் காலரைப் பிடித்து, ஜன்னல் வழியாகவே, உடைந்த கண்ணாடியோடு வெளியே உருவினாள். கூட்டம் கரடியண்ணனை விட்டுவிட்டுத் திரும்பியது. அதே கைகள், அதே கம்பிகள். இன்னும் பத்தடிகூட இல்லை.

அக்கா முந்திக்கொண்டாள்.

முதல் அறையில் அவன் வேனில் மோதித் திரும்பினான். அடுத்தது வயிற்றில். குனிந்தவனின் முகத்தில் முழங்கால். அவன் கீழே விழுந்ததும் மேலே உட்கார்ந்து இரண்டு கையாலும் போட்டாள். "அக்கா, அக்கா," என்று அவன் கூப்பிட்டது யாரைப் போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை. தடுக்க வந்த அவன் கையை முறுக்கித் தரையில் வைத்து முழங்காலால் அழுத்தினாள். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். அவன் அலறிய அலறலில் ஹாரன்கள்கூட நின்றுவிட்டன.

ஓடி வந்த கூட்டம் நின்றது. அடிப்பதற்கு அவனிடத்தில் இடமே மீதி இல்லை.

"ஏய், போதும்டீ," என்றான் ஒருத்தன்.

அவள் நிறுத்தவில்லை. அடிக்கும்போதே ஒரு கண் கூட்டத்தின் கைகளின் மேல் இருந்தது. இரண்டு ஜாக்கிக் கம்பிகள் இன்னும் ஓங்கியபடி நின்றன. இன்னொன்று போட்டாள். ஒரு கம்பி இறங்கியது. இன்னொன்று போட்டாள்.

"அக்கா! செத்துடப் போறான், விடுக்கா!"

கூப்பிட்டது கரடியண்ணன். ஒரு கண் மூடிப்போய், வாய் கிழிந்து, தவழ்ந்தே வந்திருந்தார். பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்து இழுத்தார். கடைசிக் கம்பியை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு அவள் கால்களைப் பிடித்துத் தூக்கினான். அடிக்க வந்தவர்கள் நாலு பேராகச் சேர்ந்து அக்காவைத் தம்பியிடமிருந்து பிரித்தார்கள். அவளை ஒருத்தர்கூட அதற்கு முன்னால் அப்படித் தூக்கியது கிடையாது.

கூரையில் ஆண்டெனா வெறுமையாக நின்றது. சிக்னல் திரும்பியிருந்தது. 'டக், டக்' என்று பூட்டுகள் ஒவ்வொன்றாக விட்டன. ஒருவரும் கன்னைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பிக்குக் கையில் மாவுக்கட்டு, புருவத்தில் தையல். கரடியண்ணன் வராந்தாவுக்கு அந்தப் பக்கத்து அறையில், விலாவைச் சுற்றிக் கட்டோடு. அக்காவின் கைமுட்டிகளிலிருந்து நர்ஸ் கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பையனை அடிச்சது யாரும்மா? போலீஸ்ல எழுதணும்."

"நான்தான்."

"உங்களை?"

"அதுவும் நான்தான்."

நர்ஸ் அவள் கைகளுக்குக் கட்டுப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

துறைமுக ஓட்டம் வேறொருத்தனுக்குப் போய்விட்டது. தம்பி கூரையைப் பார்த்தபடியே பேசினான். வீங்கிய உதட்டில் பேச்சு தடுமாறி வந்தது.

"அவங்க கை வைக்கக் கூடாதுன்னுதானே நீயே அடிச்ச?"

"ம்."

"தெரியும். எனக்குத் தெரியும்க்கா." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான், வலித்தது. "எல்லாமே அதுக்காகத்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நாளைக்கே பழையபடி ஆகிவிடுவான். வீட்டுக்கு வந்து, சோற்றில் உப்பில்லை என்று குறை சொல்லுவான். சொல்லாவிட்டால் இவன் ஒருவேளை வீட்டுக்கே வராமல் போகலாம். இந்தக் குடும்பத்தில் உடைந்த கையோடு போனவர்கள் திரும்பியதில்லை. அக்கா அவன் கைக்கட்டைப் பார்த்தாள். தன் கையையும் பார்த்தாள்.

"முதல்ல அடிச்சது அதுக்குத்தான்," என்றாள். "கை ஒடிஞ்சதே, அது வேற. வாளியக் கவுத்ததுக்கும் இல்ல. அந்த ஆள் தலைக்கு மேல ஸ்பேனர் நிக்குது, நீ கண்ணாடிய ஏத்துற. அதுக்கு."

தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். முதுகு ஆடியது. அக்கா புறங்கையை நீட்டினாள். கட்டுப் போட்ட கை. அதை வைத்துக்கொண்டு வீக்கத்தைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. மடியில் திரும்ப வைத்துக்கொண்டாள்.

பிறகு அவன் எழுந்தான். ஒரு கையால் கட்டிலைப் பிடித்து, கால்களைத் தொங்கப்போட்டு, செருப்பைத் தேடினான். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு வராந்தாவைக் கடந்து எதிர் அறைக்குள் போனான்.

என்ன சொன்னான் என்று அக்காவுக்குக் கேட்கவில்லை. பளார் என்று ஓர் அறை விழுந்தது மட்டும் கேட்டது. விலா உடைந்த ஆள் அடித்தது மாதிரியே இல்லை. அக்காவின் உடம்பு நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தது. அவள் அதைப் பிடித்து உட்காரவைத்தாள்.

எதிர் அறையில் யாரோ வெகுநேரம் இருமினார்கள். இருமல் அடங்கியதும் கரடியண்ணனின் குரல் வந்தது.

"ஐயோ, விலா! உன்னை அடிச்சதுல எனக்குத்தான்டா வலி. நிக்கிறியே என்னத்துக்கு, உக்காரு."

கட்டில் கிறீச்சென்றது.